தகரக் கூரைத் தியேட்டரைக் காப்பாற்ற அதில் என்ன இருக்கிறது?

2024 ஜூன் 8, காலை – வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் டவுனில் பல வருஷமாக மூடிக்கிடக்கும் தியேட்டரை உடைத்துக் கடைத்தொகுதி கட்டப் போவதாகப் பேச்சு. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். என்னிடமும் வந்தார்கள். நான் போடவில்லை. நாலு சுவர், தகரக் கூரை, மூட்டைப்பூச்சி. இதில் என்ன வரலாறு? இலங்கை மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, லயத்தைத் திருத்தவே காசில்லை, தியேட்டரைத் திருத்துவது யாருக்காக?

ஜூன் 8, இரவு

அந்தக் கையெழுத்தை வாங்குகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் நேராகவே சொல்கிறேன்.

லயத்தைத் திருத்த வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தியேட்டரை விற்ற காசில் ஒரு சதமாவது லயத்துக்குப் போகுமா? போகாது. ஆகவே இரண்டையும் ஒரு தராசில் வைக்காதீர்கள்.

மலைநாட்டில் பழைய கட்டடம் என்று இதுவரை எதையெல்லாம் பத்திரப்படுத்தியிருக்கிறோம்? துரை பங்களா, கிளப், சர்ச், தேயிலை பெக்டரி. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய பெக்டரியைத் திருத்தி 2001இல் தேயிலை அருங்காட்சியகமாக்கினார்கள். நுவரெலியாவில் 1894இல் எழுந்த செங்கல் தபாற்கந்தோரை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சரியான வேலை செய்தார்கள். எல்லாம் நிற்கட்டும், நல்லது.

ஆனால் தோட்டத்துச் சனம் யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் சம்பளக் காசை நீட்டி டிக்கட் வாங்கி, வாடிக்கையாளராக உள்ளே போய் உட்கார்ந்த பெரிய கட்டடம் எது? பெக்டரிக்குள் வேலையாளாகப் போனோம். பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகப் போனோம். ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் வரிசையில் நின்றோம். தியேட்டருக்கு மட்டும்தான் ஆசைப்பட்டுப் போனோம். அதற்குத்தான் இந்தக் கையெழுத்து.

ஜூன் 9

சும்மா ஆசையாகப் பேசுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, எப்படி இருந்தது என்றே சொல்கிறேன்.

அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு காலையில் சமையலை முடித்துவிட்டு, சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். சாமானும் வாங்குவோம்தான், ஆனால் முதலில் மேட்னி. தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குறுக்குப் பாதையில் ஒன்றரை மணி நேரம். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நடப்போம்.

ஆகக் குறைந்த டிக்கட்டுக்கான இடம் கலரி. அதற்கு வாசல் முன்பக்கம் கிடையாது, பக்கத்துச் சந்தால் போக வேண்டும். முதலாம் வகுப்பும் ஓடிசி என்கிற வகுப்பும் பல்கனியும் முன்வாசல் வழியாக. கலரியில் பெஞ்சு, முதுகு சாய இடமில்லை. நடுவில் இடுப்பளவு சுவர் வைத்து அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். கிளாக்கர் குடும்பம் முதலாம் வகுப்பில் இருக்கும், எங்கள் தலைமைக் கங்காணி ஓடிசியில். தோட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு தியேட்டருக்குள்ளும் அப்படியே வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் லைட் அணைந்த பிறகு விசில் அடிக்கிற உரிமை கலரிக்குத்தான் இருந்தது. பல்கனிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மழை வந்தால்தான் கஷ்டம். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் பிடித்தால் லேசில் விடாது. தகரத்தில் கொட்டும்போது வசனம் ஒன்றும் கேட்காது. அந்த நேரம் ஏற்கெனவே படம் பார்த்தவர்கள் கலரியிலிருந்து வசனத்தை உரக்கச் சொல்வார்கள். கதாநாயகன் வாய் அசையும், குரல் ஐந்தாம் நம்பர் லயத்து அண்ணனுடையது. ஒரு முறை அந்த அண்ணன் அழுகைக் காட்சியில் தானும் அழுதுவிட்டதால் மிச்ச வசனம் எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. பக்கத்தில் இருந்த பாட்டிதான் கதையை முடித்து வைத்தார்.

ஜூன் 11

மலைநாட்டுக்குச் சினிமா எப்போது வந்தது என்று கேட்டவருக்கு.

இலங்கையின் முதல் படக்காட்சி 1901இல் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் யுத்தக் கைதிகளுக்கும் காட்டப்பட்டது என்று சினிமா வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைதிகளுக்கான பெரிய முகாம் இருந்தது தியத்தலாவையில். கொழும்பில் டவர் ஹோல் 1911, அது நாடகத்துக்கு. சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கியது 1928. அதன் பிறகுதான் நாடெங்கும் தியேட்டர்கள் ஒழுங்காகப் பரவின.

எங்கள் மலைக்கு ரயில் முந்திவிட்டது. ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. தேயிலை இறங்கிய அதே பாதையில்தான் படப்பெட்டி ஏறியது. மலைநாட்டில் பழைய தியேட்டர்கள் ஸ்டேஷனிலிருந்து தள்ளுவண்டி போகிற தூரத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி பிலிம். ஏழெட்டுத் தகரப் பெட்டிகள், அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏற முடியாது.

ஜூன் 12

பெட்டியைப் பற்றி எழுதியதும் படம் ஓட்டுகிற அறையான கெபினைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமா அங்கே ஒப்பரேட்டர். பள்ளிக்கூட லீவில் நான் போய் நிற்பேன். பிறகு நான் வயரிங் வேலைக்குப் போனதற்கே அந்த அறைதான் காரணம்.

மெசின் இரண்டு. உள்ளே பல்ப் கிடையாது, இரண்டு கார்பன் குச்சிகள். நுனிகளைத் தொட வைத்து மெல்ல விலக்கினால் நடுவில் வெள்ளையாக எரியும். அதுதான் திரைக்குப் போகிற வெளிச்சம். நேரோட்டத்தில்தான் ஒழுங்காக எரியும் என்பதால் கரண்டை அப்படி மாற்றித் தருகிற ரெக்டிஃபையர் ஒன்று மூலையில் ஆள் உயரத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். பொசிட்டிவ் குச்சி சீக்கிரம் கரையும், அதனால் அது தடிப்பு. இடைவெளி கூடினால் வெளிச்சம் நடுங்கும், கலரி கத்தும். மாமா கறுப்புக் கண்ணாடித் துவாரத்தால் நெருப்பைப் பார்த்துத் திருகை அரைச் சுற்றுச் சுற்றுவார். கத்தல் அடங்கும். கை பிழைத்தால் படமே இல்லை.

ரீல் மாற்றுவது இன்னொரு கலை. ஒரு ரீல் சுமார் இருபது நிமிஷம். முடிய எட்டு செக்கன் இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அடுத்த மெசின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி செக்கனில் இரண்டாவது பொட்டு. இந்த ஷட்டரை மூடி அந்த ஷட்டரைத் திறக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. தெரியாமல் செய்வதுதான் ஒப்பரேட்டருக்குப் பெருமை. இன்றைக்கும் பழைய படத்தை டீவியில் போட்டால் என் கண் வலது மூலைக்குத்தான் போகும்.

மீந்த குச்சித் துண்டுகளுக்கு வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள். மேலே செம்பு பூசியிருக்கும். தரையில் கோடு போட அதைவிட நல்ல சாமான் கிடையாது.

கட்டடத்தை மட்டும் காப்பாற்றி இந்த அறையை விட்டால் பாதிதான் மிஞ்சும். மெசினை ஓட்டத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். சுவருக்கு அவசரப்படுவதை விட அவர்களிடம் போக அவசரப்பட வேண்டும். அவர்கள் கையால் ஒருமுறை பிலிம் மாட்டுவதை வீடியோ எடுத்து வைத்தாலே பெரிய காரியம்.

ஜூன் 15

"டீவி வந்தது, தியேட்டர் போனது. இதில் அழ என்ன இருக்கிறது?" என்று ஒருவர். டீவி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஐடிஎன் 1979, ரூபவாஹினி 1982. பிறகு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து லயத்து வாசலில் விடிய விடிய மூன்று படம் ஓடிய காலம். ஆனால் மலைநாட்டுத் தியேட்டரின் கதையை டீவியிலிருந்து தொடங்கக் கூடாது.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. தலைமன்னார் ரயிலிலும் ராமானுஜம் கப்பலிலும் போனது யார்? கலரியில் இருந்தவர்கள். போகிற குடும்பங்கள் கடைசியாக டவுனுக்கு வந்து போட்டோ பிடித்து, சாமான் வாங்கி, ஒரு படமும் பார்த்துவிட்டுப் போனதை மாமா அடிக்கடி சொல்வார். அந்த வாரங்களில் கலரியில் சத்தம் குறைவாக இருக்குமாம். கப்பல் 1984இல் நின்றது. அதற்குள் எத்தனையோ தோட்டங்களில் பாதி லயம் காலி.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து படம் இறக்குவதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போனது. தமிழ்நாட்டுப் படம் குறைந்தது. எங்கள் வீட்டில் இதைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. நாட்டுச் சினிமா வளர அது உதவியது என்பார் அப்பா. கலரி காய்ந்தது அதனால்தான் என்பார் மாமா. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 1975இல் மலைநாட்டுத் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தானே தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது, நம் ஆள் ஒருவர் திரையில் நின்றார். நாடு முழுக்கப் பார்த்தால் கூட்டம் உச்சம் தொட்டது 1979இல்: 7 கோடிக்கு மேல் டிக்கட் விற்றதாகக் கணக்கு. அப்போது நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடிகூட இல்லை.

அப்புறம் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள், உள்ளே இருந்த படங்களின் நெகட்டிவ்களும் போயின. மலைநாட்டு டவுன்களில் கடைகள் எரிந்தன. அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் அம்மா இருட்டின பின்பு டவுனில் நின்றதே இல்லை. செக்கண்ட் ஷோவுக்கு யார் போவார்கள்? 87–89இல் ஜேவிபி கிளர்ச்சிக் காலத்து ஊரடங்கும் பயமும் மிச்சத்தையும் முடித்தன.

ஆகவே டீவிப் பெட்டி வரும்போது கலரி ஏற்கெனவே பாதி காலி. எப்படிக் காலியானது என்பது நம் வரலாறு. அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டுமென்றால் இந்த மண்டபத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 16

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டிருந்தார்கள். தானாகக் காப்பாற்றாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2இல், கண்டி இராச்சியம் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாளில். அதற்குப் பிந்திய கட்டடம் என்றால் தனியாக அரசாங்க வர்த்தமானியில் (கெசட்டில்) அறிவித்தால்தான் பாதுகாப்பு. தோட்டத்து மனிதர்களின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

ஜூன் 19

முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கடைத்தொகுதி கட்டலாம், இரு தரப்புக்கும் நல்லது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நான் எதிர்க்கிறேன். முன்வாசல் பல்கனிக்காரர்களின் வாசல். அதை வைத்துக்கொண்டு சந்து வாசலையும் கலரியையும் இடித்தால் எங்களை இடித்த மாதிரிதான்.

தினமும் படம் ஓட வேண்டும் என்று ஆரம்பத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு நாளாக யோசித்ததில் அது நடக்காது என்று படுகிறது. கொரோனாவில் மூடி, 2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதையெல்லாம் தாண்டிய தியேட்டர்களே தடுமாறுகின்றன. வார இறுதியில் படம், மற்ற நாளில் நாடகம், கூட்டம், பிள்ளைகளின் கலைவிழா, கல்யாணம்கூட. ரோட்டுப் பக்கம் இரண்டு கடையை வாடகைக்கு விட்டால் கரண்ட் பில்லுக்காவது வரும். ஒரே நிபந்தனை: சரிவான தரையை மட்டமாக்கக் கூடாது. கல்யாண மண்டபமாக்குகிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான். சரிவு போனால் மண்டபம் குடோனாகிவிடும்.

முடியாத காரியமில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தார்கள். லயத்துக்குச் செய்ய முடிந்ததைத் தியேட்டருக்கும் செய்யலாம்.

ஜூன் 22

இன்று உரிமையாளர் குடும்பத்திடம் சாவி வாங்கி உள்ளே போனோம். பெயரையும் டவுனையும் இங்கே போட வேண்டாம் என்று கேட்டார்கள், போடவில்லை. அவர்கள் மீது பாயாதீர்கள். இத்தனை வருஷம் விற்காமல் வைத்திருந்ததே அவர்கள்தான்.

திரை கிழிந்து தொங்குகிறது. கலரிப் பெஞ்சுகள் இருக்கின்றன, விளிம்பு தேய்ந்து வழவழவென்று. கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு, மழைத்தண்ணீர் ஓடுகிற பீலி முழுக்கச் செடி. தண்ணீர் சுவருக்குள் இறங்கி அடியில் பச்சை பிடித்திருக்கிறது. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து, யாரோ இடையில் சீமெந்து பூசியிருக்கிறார்கள். பூச்சுக்குப் பின்னால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உதிர்கிறது. அவசரப்பட்டு இன்னும் சீமெந்து பூச வேண்டாம். முதலில் கூரை, அடுத்து பீலி, அப்புறம்தான் சுவர். பெயின்ட் கடைசி. பல்கனிக்கு மேலே சீலிங் அஸ்பெஸ்டஸ் போலத் தெரிகிறது, சிரமதானம் என்று பிள்ளைகளைக் கூட்டிவந்து அதை உடைத்துக் கூட்ட வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அதற்கென்று பழகிய ஆட்களைத்தான் விட வேண்டும்.

கெபினில் ஒரு மெசின் மட்டும் நிற்கிறது. லென்ஸ் முழுக்கப் பூஞ்சணம், நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது. மூலையில் நான்கு பிலிம் டப்பாக்கள். ஒன்றைத் திறந்ததும் புளிச்ச வினாகிரி வாடை. அந்த வாடை வந்தால் பிலிம் தானாகக் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் அது கெடுக்கும், அதனால் பிரித்து வைத்தோம். எங்கள் குளிர் பிலிமுக்கு நல்லது, எங்கள் ஈரம் எமன். பழைய டப்பாக்கள் எங்கேயாவது கண்டால் இன்னொரு எச்சரிக்கை: 1950களின் தொடக்கம் வரைக்கும் வந்த பிலிமில் நைட்ரேட் இருக்கலாம். சட்டென்று தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பக்கத்தில் சிகரெட் கூடாது.

மற்ற மெசின் இருந்த இடத்துக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது. படப் பெயர், தேதி, ரீல் எண்ணிக்கை, சில இடத்தில் 'ஃபுல்'. ஒரு வரிக்குப் பக்கத்தில் 'மழை, கலெக்சன் இல்லை'. ஏழு என்ற இலக்கத்தைப் பார்த்தாலே மாமாவின் கையெழுத்து என்று தெரிகிறது, அதன் வாலை இழுத்து எழுதுவார். அந்தச் சுவரைப் பகுதி பகுதியாகப் போட்டோ எடுத்திருக்கிறோம். யாரும் அதை வெள்ளையடிக்க நான் விட மாட்டேன்.

ஜூன் 23

அந்தப் பென்சில் எழுத்தில் எந்தப் படத்துக்கு 'ஃபுல்' அதிகம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எம்ஜியாரா சிவாஜியா என்று நேரே கேளுங்கள். பதில் சொன்னால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும். கண்டியில் பிறந்த எம்ஜியாரை ஹந்தானைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், பண்டாரவளைக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எண்ணி முடித்ததும் அட்டவணையாகவே போடுகிறேன்.

ஜூன் 29

கேள்வி கேட்டவர் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம். தன் தாத்தா அங்கே டிக்கட் கிழித்தவர் என்று இப்போதுதான் வீட்டில் சொன்னார்களாம். சந்தோஷம். தாத்தாவின் போட்டோ இருந்தால் தரட்டும்.

வேலைக்கு வருவோம். உரிமையாளர் குடும்பம் ஆறு மாதம் பொறுக்கச் சம்மதித்திருக்கிறது. அதற்குள் கட்டடத்தின் கதையைக் காகிதத்தில் நிறுவ வேண்டும். தேட வேண்டிய இடங்கள் இவை. டிக்கட்டோடு வாங்கிய களியாட்ட வரி உள்ளூராட்சி சபைக்குத்தான் போனது, ஆகவே நகரசபைப் பழைய கோப்புகளில் டிக்கட் விலையும் இருக்கை எண்ணிக்கையும் அனுமதிப் பத்திரமும் இருக்க வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள். வீரகேசரி 1930இலிருந்து, தினகரன் 1932இலிருந்து. சுவடிக்கூடத்தில் பழைய பிரதிகளைப் புரட்டினால் சினிமா விளம்பரத்தில் ஊர் ஊராகத் தியேட்டர் பெயர் வரும். கொழும்பில் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஒரு சனிக்கிழமை ஒதுக்க முடியுமா? கிடைப்பதையெல்லாம் நூலகம் இணையத்தளத்தில் சேர்த்துவிட்டால் கட்டடம் நின்றாலும் விழுந்தாலும் பதிவு இருக்கும்.

வீட்டில் பழைய டிக்கட் அடிக்கட்டை, நோட்டீஸ், பாட்டுப்புத்தகம் இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். டிக்கட்டில் வரி முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும், பாட்டுப்புத்தகத்தில் கடைசிப் பக்கம் முக்கியம், உள்ளூர்க் கடை விளம்பரம் அங்கேதான் இருக்கும். ஒட்ட வேண்டாம், லேமினேட் பண்ண வேண்டாம். பழைய ஒப்பரேட்டர்கள் உங்கள் பக்கம் இருந்தால் அவர்களிடம் கேட்டு, சம்மதம் என்றால் மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த மாதம் மஸ்கெலியா, தலவாக்கலை, வெலிமடைப் பக்கம் வருகிறோம், கெமரா இருக்கிறது.